பெட்டி மேல் எழுத ஸ்டென்சிலா, இம்பாக்ட்டா?

எங்கள் கேட்டரிங் கிச்சனில் சாமான் ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டிகளுக்கெல்லாம் இந்த வருஷம் பெயரும் எண்ணும் புதிதாக எழுதினோம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குப் போய்த் திரும்பும்போது யார் பெட்டி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது. லாரிக்குப் பக்கத்தில் தரையில் நின்று பார்த்தாலும் பளிச்சென்று தெரிகிற தடித்த எழுத்து வேண்டும். கடைசியில் போட்டியில் நின்ற ஆங்கில எழுத்துருக்கள் (ஃபான்ட்) இரண்டு: இம்பாக்ட், ஸ்டென்சில். நான் ஸ்டென்சிலை எடுத்தேன்.

பார்வைக்கு இரண்டுமே கனமானவை. இம்பாக்ட், 1965-ல் ஜெஃப்ரி லீ வரைந்தது. ஒடுங்கி, நெருக்கமாக நிற்பதால் கொஞ்ச இடத்தில் நீளமான பெயரும் அடங்கும். ஸ்டென்சில், 1937-ல் ஜெர்ரி பவல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்ற அச்செழுத்து நிறுவனத்துக்காகச் செய்தது. அகலமானது, ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்களும் மட்டும்தான். மெனு அட்டைக்கெல்லாம் அது சரிப்படாது.

தேர்வை முடிவு செய்தது பராமரிப்பு. பெட்டியில் பெயிண்டால் எழுத, எழுத்து வடிவில் ஓட்டை வெட்டிய தகட்டை மேலே வைத்து அடிக்க வேண்டும். இம்பாக்ட்டில் 8 என்று தகட்டில் வெட்டினால் நடுவில் இருக்கும் இரண்டு துண்டும் கழன்று விழுந்துவிடும். அதனால் ஸ்டிக்கராகத்தான் ஒட்ட முடியும். தினமும் வெந்நீரில் கழுவுகிற பெட்டியில் ஸ்டிக்கரின் ஓரம் மெல்லத் தூக்கும், அதில் எண்ணெய்ப் பிசுக்கு சேரும், அப்புறம் ஒரு பக்கம் கிழியும். “அண்ணே, இது 3-ஆ, 8-ஆ?” என்று பெட்டி ஏற்றும் தம்பி கேட்டால் எனக்கே பதில் தெரியாது. ஒரு எண்ணுக்காகத் திரும்பவும் கடைக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும்.

ஸ்டென்சிலில் எழுத்தை அறுத்துக்கொண்டு போகும் அந்த இடைவெளிகள்தான் தகட்டில் நடுத்துண்டைப் பிடித்துவைக்கும் இணைப்புகள். எழுத்து மங்கினால் அதே தகட்டை வைத்து ஸ்ப்ரே அடித்தால் போதும், கிச்சனில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒன்று கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் பெயிண்ட் சும்மா நிற்காது. உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமர் (பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) அடித்த பிறகுதான் நிறம். ஸ்ப்ரே டப்பாவை நேராகப் பிடித்து, லேசாக இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டும். ஒரே தடவையில் தடிமனாக அடித்தால் தகட்டுக்கு அடியில் கசிந்து எழுத்தின் இடைவெளி அடைபட்டுவிடும். எழுத்து சின்னதாக இருந்தாலும் இதே தொல்லைதான்.

ராணுவப் பெட்டி மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சொன்னார்கள். கறுப்பை விட்டு அரக்குக்கு மாற்றியதும் அந்தத் தோற்றம் பெரும்பாலும் போய்விட்டது. கல்யாண வீட்டு வரவேற்பில் வைக்கும் பலகைக்கு இதை நான் போட மாட்டேன். அச்சடிக்கிற பேனருக்கு இம்பாக்ட் தாராளமாகப் போதும். வெயில் நேராக விழும் கடைப் பலகையில் ஸ்டென்சில் பெயிண்ட் எவ்வளவு நாள் தாங்கும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. எங்கள் பெட்டிகள் எப்போதும் கூரைக்கு அடியில்தான்.

தமிழ்ப் பெயருக்கு இணைப்புகளை நாங்களே வரைந்தோம். ‘க’, ‘த’, ‘வ’, ‘ன’ எல்லாவற்றிலும் அடைபட்ட சுழி உண்டு. வளைவின் நடுவில் இணைப்பை வைத்தால் எழுத்து உடைந்த மாதிரி தெரிகிறது. சுழி போய்க் கோட்டைத் தொடும் இடத்தில் வைத்தால் வாசிப்பதில் தடங்கலே இல்லை. மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு வட்ட ஓட்டை போதும்.