மூன்றாம் வகுப்புக்கு ஒரு பாடம், ஒன்பதாம் வகுப்புக்கு வேறு

சாலைப் பாதுகாப்பு என்றாலே எல்லா வகுப்பிலும் ஒரே சார்ட்டை மாட்டிவிடுகிறோம். அது வேலைக்கு ஆகாது.

எட்டு, ஒன்பது வயது வரை, வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கப் பிள்ளைகளுக்குச் சரியாக வராது. வேலூர் கிரீன் சர்க்கிளில் எந்த பஸ் எந்தப் பக்கம் திரும்பும் என்று பெரியவர்களே தடுமாறுகிறோம். "பார்த்துப் போ" என்று சொன்னால் போதாது. கையைப் பிடித்து ரோட்டோரம் நிறுத்தி, வலது, இடது, மறுபடி வலது என்று பழக்க வேண்டும். நிற்கும் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து ஓடாமல், அது கிளம்பிய பிறகு கடப்பதையும் அங்கேயே செய்து காட்டலாம்.

ஒன்பதாம் வகுப்புக்குக் கடக்கத் தெரியும். அங்கே ஆபத்து அப்பாவின் ஸ்கூட்டர் சாவி. காட்பாடி டியூஷனுக்கு மூன்று பேராகப் போகும் பையன்களிடம் ஜீப்ரா கோட்டைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தைச் சொல்லுங்கள்: சிறார் ஓட்டிச் சிக்கினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பெற்றோர் கூட்டத்திலும் இதை வாசித்துவிடலாம்.

நேரம் குறைவென்றால் நான் சின்னவர்களுக்கே அதிகம் ஒதுக்குவேன். ஹெல்மெட் மட்டும் இரு தரப்புக்கும் பொது. நான்கு வயதைத் தாண்டினாலே சட்டப்படி கட்டாயம்.