'30 நாளில் 10 கிலோ' நோட்டீஸைப் பார்த்துப் பணம் கட்டப் போகிறவர்களுக்கு

நம் குமரி மாவட்டத்தில் பஸ் நிறுத்தச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் '30 நாளில் 10 கிலோ குறையுங்கள்' என்ற நோட்டீஸ் அடிக்கடி கண்ணில் படுகிறது. மார்த்தாண்டம் பக்கம் அப்படி ஓர் எடைக்குறைப்பு மையத்தில் 9,500 ரூபாய் கட்டினேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. பலகையை மாற்றி எழுத அவர்களுக்கு ஒரு நாள் போதும், நடத்தும் முறை மட்டும் மாறாது.

முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஓர் எடை இயந்திரத்தில் ஏற்றினார்கள். 'உடல் வயது 53' என்று காட்டியது. எனக்கு வயது 39. "அக்கா, உள்ளே உங்களுக்கு 53 ஆகிவிட்டது" என்று மையத்தில் இருந்த பெண் துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னாள். அந்த இயந்திரம் உடம்பில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உள்ளே இருக்கும் நீரின் அளவை வைத்துக் கொழுப்பைக் கணிக்கிறது. வியர்த்து விறுவிறுத்து வந்து ஏறினால் ஓர் எண், நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் வேறு எண். ஆளை மிரட்ட இதைவிட வசதியான கருவி கிடையாது.

காலையும் இரவும் தண்ணீரில் கரைத்த மாவு, மதியம் ஒரு கரண்டி சோறு. முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்கியது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கைதட்டினார்கள். இறங்கியது பெரும்பாலும் நீர். உணவு குறைந்தால் உடல் முதலில் கிளைக்கோஜன் என்ற, சேமித்து வைத்த மாவுச்சத்துக் கையிருப்பைச் செலவழிக்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்தே வெளியேறும். கொழுப்பு அவ்வளவு எளிதில் போகாது. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 30 நாளில் 10 கிலோ என்றால் தினமும் 2,500 கலோரிக்கு மேல் குறைத்தாக வேண்டும். உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் ஒருநாள் தேவையே சுமார் 1,660 கலோரிதான் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.). பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தாலும் இந்தக் கணக்கு எட்டாது.

அவர்களுடைய வியாபாரம் சூடு பிடிப்பது இதற்குப் பிறகுதான். பகலெல்லாம் வயிற்றைக் காயப்போட்டால் சாயங்காலம் அது சும்மா இருக்குமா? நாலு மணிக்குச் சாயாக்கடையில் ஏத்தன்பழ பஜ்ஜி எண்ணெயில் இறங்கும் மணம் வந்தாலே கை நடுங்கியது. இரவில் எல்லாரும் தூங்கியபின், விளக்குகூடப் போடாமல் அடுக்களையில் நின்றபடியே ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலத்தைக் காலி செய்வேன். கல்யாண வீட்டிலிருந்து வந்த முந்திரிக்கொத்தும் அப்படியே போனது. மையத்தில் சொன்னபோது, "மனக்கட்டுப்பாடு போதாது அக்கா" என்று சொல்லி, பசியை அடக்கும் 'மூலிகைப் பொடி' என்று 2,400 ரூபாய்க்கு ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தார்கள். பட்டினி போட்டு வெறியைக் கிளப்பிவிட்டு, அதற்கு மருந்தும் அவர்களே விற்கிறார்கள். குறையும் நம்முடையதாம்!

அந்த டப்பாவில் ஒரு ஸ்டிக்கரின் மேல் இன்னொரு ஸ்டிக்கர். உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்று பட்டியல் இல்லை, உணவுப் பொருளில் இருக்க வேண்டிய 14 இலக்க உரிம எண்ணும் இல்லை. பசி அடங்கியது உண்மை. கூடவே நாக்கு வறண்டது, தூக்கம் போனது, படுத்தால் நெஞ்சு படபடத்தது. மருத்துவர் டப்பாவைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தியபின் படபடப்பு அடங்கியது. பசியைக் குறைக்கும் சிபுட்ரமின் என்ற மருந்து மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2011 இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மூலிகை என்று விற்கப்பட்ட எடைக்குறைப்புப் பொருள்களில் அதை ரகசியமாகக் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பட்டியல் இல்லாத பொடி எதையும் வாயில் போடாதீர்கள்.

மருத்துவர் சொன்னதில் செலவே இல்லை. காலையில் ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னார்: புட்டைக் குறைத்து, பயறை இரண்டு மடங்காக்கி. மதியம் சோறு பாதி, மிச்ச இடத்தில் தோரனும் சாளைக் குழம்பும். புரதமும் நார்ச்சத்தும் இருந்தால் பசி தாமதமாகத்தான் வரும். தூக்கம் குறைந்தால் தின்னும் ஆசை கூடும் என்றும் சொன்னார். "மக்களே, இதைத்தானே நானும் சொன்னேன்" என்றார் அம்மா. சிப்ஸை விட்டுவிடவில்லை, ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து தின்கிறேன். எடை மெதுவாகத்தான் இறங்குகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பொருளாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். உடல் பருமனைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதையே 1954 ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. அவர்கள் தந்த ரசீது முத்திரைகூட இல்லாத துண்டுச்சீட்டு. கூகுள் பே பதிவும், டப்பாவின் போட்டோவும், அந்த வாட்ஸ்அப் குழுவின் செய்திகளும்தான் இப்போது என் ஆதாரம். குழுவிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.