கேப்சர் கார்டு: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

விளையாட்டுக் கன்சோலிலிருந்தும் செட்-டாப் பாக்ஸிலிருந்தும் வரும் காட்சியைக் கணினியில் பதிந்து வைப்பதற்காக, யுஎஸ்பி 3.0 வழியாக இணையும் வெளிப்புறக் கேப்சர் கார்டு ஒன்றைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் படத்தின் தெளிவைப் பற்றியே பேசுகின்றன. மூன்று மணி நேரம் இடைவிடாமல் பதிந்த பின்னும் உதட்டசைவும் குரலும் பொருந்தி நிற்கின்றனவா, உள்ளே வரும் சிக்னலைக் கருவி சரியாக அடையாளம் காண்கிறதா, பதிவு நடக்கும்போது ஆட்டம் தடங்கலின்றி ஓடுகிறதா என்பவையே நாள்பட நாள்பட முக்கியமாகத் தெரிகின்றன. என் கருவி விளையாட்டைப் பொறுத்தவரை முழு நிறைவைத் தந்திருக்கிறது. தொலைக்காட்சியைப் பொறுத்தவரை அது செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை இருக்கிறது, அந்த எல்லை கருவிக்கு வெளியே வகுக்கப்பட்டது.

முதலில் ஆட்டத்தின் போக்கைப் பற்றிச் சொல்கிறேன். கன்சோலிலிருந்து வரும் எச்டிஎம்ஐ கேபிள் கருவியின் ஒரு போர்ட்டில் நுழைகிறது. இன்னொரு போர்ட்டின் வழியே அதே சிக்னல் அப்படியே தொலைக்காட்சிக்குச் செல்கிறது. இந்த நேர்வழிக் கடத்தலில் உணரத்தக்க தாமதம் எதுவும் இல்லை. கணினித் திரையில் தெரியும் முன்னோட்டமோ எப்போதும் சற்றுப் பிந்தியே வரும், ஏனெனில் காட்சி கருவிக்குள் கணினிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றப்பட்டு, யுஎஸ்பியைக் கடந்து, மென்பொருளின் தற்காலிக நினைவகத்தில் சற்று நின்று, அதன் பிறகே திரையை அடைகிறது. கதையை நிதானமாக நகர்த்தும் விளையாட்டுகளில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். சண்டை விளையாட்டிலோ தாளத்துக்கு ஏற்பப் பொத்தானை அழுத்தும் விளையாட்டிலோ முன்னோட்டத்தைப் பார்த்து ஆடவே முடியாது. கருவிக்குள்ளேயே எச்.264 என்ற காணொளிச் சுருக்க வடிவமாகச் சுருக்கி அனுப்பும் பழைய வகைகளில் முன்னோட்டம் நொடிக்கணக்கில் பிந்துவதும் உண்டு. ஆகவே தொலைக்காட்சிக்குச் செல்லும் வெளியீட்டு போர்ட் இல்லாத கருவியை விளையாட்டுக்கென்று வாங்க நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

யுஎஸ்பி 3.0 ஏன் தேவை என்பதற்கு ஒரு சிறு கணக்கே போதும். 1920×1080 அளவுள்ள படத்தை நொடிக்கு 60 பிரேம் வீதம், ஒரு புள்ளிக்கு 2 பைட் என்று சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 249 மெகாபைட், அதாவது 2 கிகாபிட் ஆகிறது. யுஎஸ்பி 2.0 கோட்பாட்டளவிலேயே 480 மெகாபிட்டைத் தாண்டாது. எனவே அந்தப் போர்ட்டில் இயங்கும் மலிவான கருவிகள் ஒவ்வொரு பிரேமையும் ஜேபெக் படமாகச் சுருக்கித்தான் கணினிக்கு அனுப்புகின்றன. பகல் வெளிச்சமுள்ள காட்சிகளில் இது கண்ணுக்குத் தெரியாது. இருண்ட குகைக்குள் நடக்கும் காட்சியில் கருமை கட்டம் கட்டமாகப் பிரிவதும், கருப்புப் பின்னணியில் உள்ள சிறிய சிவப்பு எழுத்தின் ஓரம் கசிந்து மங்குவதும் உடனே புலப்படும். வகுப்பில் காட்டவோ காணொளிக் கூட்டத்தில் கேமராவை இணைக்கவோ அந்தக் கருவிகளே போதுமானவை. நெடுங்காலம் வைத்துக்கொள்ளும் பதிவுக்கு அவை ஏற்றவை அல்ல. யுஎஸ்பி 3.0 கருவியையும் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும் ஹப்பில் செருகாமல் கணினியின் சொந்தப் போர்ட்டில் நேரடியாக இணைப்பது நல்லது. ஹப்பில் இருக்கும்போது வெளிப்புற வன்தட்டு ஒன்று வேலை செய்யத் தொடங்கினாலே பிரேம்கள் நழுவுவதைப் பார்த்திருக்கிறேன்.

நீண்ட பதிவில் எனக்கு மிகுந்த அக்கறை உள்ளது ஒலியின் மீது. பத்து நிமிடப் பதிவில் எல்லாமே பொருந்தித்தான் இருக்கும். காட்சியை ஒரு வழியிலும் ஒலியை வேறொரு வழியிலும் கணினிக்குள் கொண்டுவந்தால், இரண்டு சாதனங்களின் உட்கடிகாரங்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பது மணிக்கணக்கில்தான் வெளிப்படும். பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு என்பது மின்னணுக் கருவிகளில் சாதாரணம். அந்த அளவே ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகலைத் தந்துவிடும், மூன்று மணி நேரத்தில் அது அரை நொடியைத் தாண்டும். பந்து மட்டையில் பட்ட பிறகு சத்தம் கேட்கும் பதிவை யாராலும் இரண்டாம் முறை பார்க்க இயலாது. இதற்கு நான் கண்ட நிலையான வழி, எச்டிஎம்ஐ கேபிளில் காட்சியோடு சேர்ந்தே வரும் ஒலியை அதே கருவியின் வழியாக எடுப்பதும், இயங்குதளம், பதிவு மென்பொருள், கருவி ஆகிய மூன்றிலும் ஒலியின் மாதிரி வீதத்தை 48 கிலோஹெர்ட்ஸ் என்று ஒன்றாக வைப்பதும் ஆகும். என் குரலுக்கான மைக் தனி யுஎஸ்பி சாதனம் என்பதால் அதைத் தனித் தடத்தில் பதிகிறேன். விலகல் ஏற்பட்டாலும் தொகுக்கும்போது அந்தத் தடத்தை மட்டும் நகர்த்திக்கொள்ளலாம், விளையாட்டின் ஒலி காட்சியோடு ஒட்டியே நிற்கும்.

இதனோடு தொடர்புடைய இன்னொன்று 59.94 என்ற எண். பல கன்சோல்கள் நொடிக்குச் சரியாக 60 பிரேம் அனுப்பாமல் 59.94 பிரேம் அனுப்புகின்றன. மென்பொருளில் 60 என்று வைத்தால் ஏறக்குறைய 17 நொடிக்கு ஒரு முறை ஒரு பிரேம் இரட்டிக்கப்படும். சண்டைக் காட்சியில் இது தெரியாது. காட்சி சீராகப் பக்கவாட்டில் நகரும்போது அந்தச் சிறு துள்ளலைக் கண் பிடித்துவிடும். எந்த எண் வருகிறது என்பதைக் கருவியின் விவரப் பகுதியில் பார்த்து அதையே மென்பொருளிலும் அமைத்த பிறகு, துள்ளல் முற்றிலும் மறைந்தது.

வண்ணத்திலும் இதே போன்ற ஒற்றுமை தேவைப்படுகிறது. காணொளி மரபில் கருப்பு 16, வெள்ளை 235 என்று வைக்கப்படுகிறது. கணினி மரபிலோ 0 முதல் 255 வரை முழு வரம்பும் பயன்படுகிறது. கன்சோல் ஒன்றை அனுப்ப, மென்பொருள் மற்றொன்றாக எடுத்துக்கொண்டால், கருப்பெல்லாம் சாம்பலாக வெளுக்கும், அல்லது நிழலுக்குள் இருக்கும் நுணுக்கமெல்லாம் ஒரே இருளாக அடைத்துக்கொள்ளும். கருவி மோசம் என்று மக்கள் சொல்லும் குறைகளில் பெரும்பங்கு இந்த ஓர் அமைப்பில் தீர்ந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். எச்டிஆர் எனப்படும் விரிந்த ஒளி வரம்புள்ள காட்சியைச் சாதாரண வண்ண வரம்பில் பதியும்போதும் வெளுத்துப்போன தோற்றம் வரும். முறையாக மாற்றித் தரும் வசதி கருவியிலோ மென்பொருளிலோ இல்லையென்றால், பதியும் நாளில் கன்சோலிலேயே எச்டிஆரை நிறுத்திவிடுவதே சிறந்தது.

இனித் தொலைக்காட்சி. செட்-டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ கேபிளைக் கருவியில் செருகியவுடன் பெரும்பாலும் கிடைப்பது கருந்திரைதான். காரணம் எச்டிசிபி என்ற குறியாக்கப் பாதுகாப்பு. இன்டெல் நிறுவனம் உருவாக்கிய இந்த முறையில், சிக்னலை அனுப்பும் பெட்டி, எதிரில் இருப்பது அனுமதி பெற்ற திரைதானா என்று முதலில் கைகுலுக்கிச் சரிபார்க்கிறது. பதிவுக் கருவிக்கு அந்த அனுமதி கிடைப்பதில்லை. விளையாட்டுக் கன்சோல்களில் நிலைமை வேறு. பிளேஸ்டேஷன் 3இல் எச்டிஎம்ஐ வழி எப்போதும் பூட்டப்பட்டே இருந்ததால், அதைப் பதிவதற்குக் காம்பொனென்ட் என்னும் அனலாக் கேபிள் தேவைப்பட்டது. பிளேஸ்டேஷன் 4இல் 2014ஆம் ஆண்டு வந்த மேம்படுத்தலுக்குப் பிறகு, அமைப்புகளுக்குள் சென்று எச்டிசிபியை நாமே நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தியிருக்கும் வேளையில் திரைப்படம் காட்டும் சில செயலிகள் மட்டும் திறக்கா. நிண்டெண்டோ ஸ்விட்சில் விளையாட்டுகளுக்கு இந்தப் பூட்டே கிடையாது.

பூட்டை உடைக்கும் குறுக்கு வழிகளில் எனக்கு நாட்டமில்லை. செட்-டாப் பாக்ஸின் பின்புறத்தில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறங்களில் உள்ள பழைய அனலாக் வெளியீட்டையே பயன்படுத்துகிறேன். சொந்தமாகப் பின்னர் பார்ப்பதற்குப் பதிந்துகொள்ள எந்த அளவுக்கு இடமுண்டு என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது என்பதையும், பிறருக்குப் பரப்புவது முற்றிலும் வேறு விஷயம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அனலாக் வழியில் கிடைப்பது பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் 720×576, என்டிஎஸ்சி (NTSC) என்னும் மற்றொரு முறையில் 720×480 அளவுள்ள படம்தான். உயர்தரக் கூர்மையை அதில் எதிர்பார்க்கக் கூடாது. ஆயினும் முறையாகக் கையாண்டால் அது நன்றாகவே இருக்கும்.

அந்த முறை என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்துப் பட்டையைப் பாருங்கள். பால் சிக்னல் நொடிக்கு 25 முழுப் படங்களாக வருவதாகச் சொல்லப்பட்டாலும், ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு முறையும் இரட்டைப்படைக் கோடுகள் ஒரு முறையுமாக, உண்மையில் நொடிக்கு 50 பாதிப் படங்களாகவே வருகிறது. அந்த இரு பாதிகளுக்கும் இடையில் எழுத்து சற்று நகர்ந்துவிட்டிருக்கும். இரண்டையும் அப்படியே ஒன்றாக வைத்தால் ஒவ்வொரு எழுத்தின் ஓரமும் சீப்பின் பற்களைப் போலப் பிளந்து தெரியும். ஒரு பாதியைத் தள்ளிவிட்டு 25 பிரேமாக்கினால் பற்கள் மறையும், ஆனால் பட்டை திக்கித் திக்கி நகரும். ஒவ்வொரு பாதியையும் ஒரு முழு பிரேமாக நிரப்பி நொடிக்கு 50 பிரேம் ஆக்கும் மாற்றமே சரியானது. ஓபிஎஸ் ஸ்டுடியோ மென்பொருளில் யாடிஃப் 2எக்ஸ் என்ற தேர்வு இதைச் செய்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தபின் எழுத்துப் பட்டை தொலைக்காட்சியில் ஓடுவது போலவே வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, விளையாட்டுப் போட்டிகளில் பந்தின் பாதையும் தெளிவாகிறது. படத்தின் புள்ளிகள் சதுரமானவை அல்ல என்பதால், அகலத்தை 4:3 என்றோ 16:9 என்றோ நாமே குறித்துக்கொடுக்க வேண்டும். இல்லையேல் முகங்கள் நீண்டோ அகன்றோ தெரியும்.

பழைய கன்சோல்களில் இதே சிக்கல் இன்னும் நுணுக்கமான உருவெடுக்கிறது. சூப்பர் நிண்டெண்டோ காலத்து இயந்திரங்கள் 240 கோடுகள் கொண்ட முழுப் படத்தை நொடிக்கு 60 முறை அனுப்புகின்றன. பல கேப்சர் கார்டுகள் அதை 480 கோடுகள் கொண்ட படத்தின் பாதிகள் என்று எடுத்துக்கொண்டு, இரண்டிரண்டாகப் பின்னி, 30 பிரேமாக்கிவிடுகின்றன. அந்தக் கால விளையாட்டுகளில் அடிபட்ட நாயகனின் உருவத்தை ஒரு பிரேமில் காட்டி அடுத்த பிரேமில் மறைத்து மின்னச் செய்வார்கள். நிழலையும் புகையையும் ஒளி ஊடுருவும்படி காட்ட அவர்கள் கையாண்ட உத்தியும் அதுவே. 30 பிரேம் பதிவில் அந்த உருவம் கோடு விட்டுக் கோடாகப் பிளந்து நிற்கும். ஒரு பாதி தள்ளிவிடப்பட்டாலோ, ஒன்று முழுமையாக நிற்கும், அல்லது முற்றிலும் காணாமல் போகும். அக்கால வடிவமைப்பாளர்களின் திறமையைக் காட்டும் ஒரு நுட்பம் பதிவிலிருந்து அழிந்துபோவது எனக்கு உண்மையில் வருத்தம் தருகிறது. 240 கோடு சிக்னலைச் சரியாக அறிந்து எச்டிஎம்ஐ ஆக மாற்றும் தனிக் கருவியை இடையில் வைத்த பிறகே என் பழைய விளையாட்டுப் பதிவுகள் மூலத்துக்கு நிகராக அமைந்தன.

சேமிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நொடிக்கு 20 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 9 கிகாபைட், 40 மெகாபிட் என்றால் 18 கிகாபைட். அனலாக் தொலைக்காட்சிப் பதிவுக்கு 8 மெகாபிட்டே போதும். பதிவை எம்கேவி வடிவில் எழுதுவதே பாதுகாப்பானது. வழக்கமான எம்பி4 கோப்பு இறுதியில் சரியாக மூடப்படாவிட்டால் திறக்க முடியாமல் போகலாம். மின்சாரம் நின்றாலும் எம்கேவியில் அந்தக் கணம் வரை பதிந்தது தப்பிவிடும். தேவைப்பட்டால் தரம் குறையாமல் சில நொடிகளில் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். வெளிப்புற வன்தட்டு ஃபேட்32 அமைப்பில் இருந்தால் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதால், முதலில் அதை எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கருவி நீண்ட நேரம் ஓடும்போது கைக்குச் சுடும் அளவு வெப்பமாகிறது. அதைக் கன்சோலின் காற்றுப் போக்கிக்குப் பின்னால் வைக்காமல் திறந்த இடத்தில் வைத்திருக்கிறேன், இதுவரை அதனால் தொல்லை ஏதும் இல்லை.

கன்சோலிலேயே பதியும் வசதி இருக்கும்போது தனிக் கருவி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பிளேஸ்டேஷன் 4 வழக்கமாகக் கடைசி 15 நிமிடங்களையும், அமைப்பை மாற்றினால் 60 நிமிடங்கள் வரையும் சேமித்துத் தரும். ஸ்விட்ச் கடைசி 30 நொடிகளை மட்டும் 720 கோடுகளில் தருகிறது. ஒரு நல்ல கணத்தை நண்பர்களுக்கு அனுப்ப இவையே போதும். ஓர் ஆட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை, குரலைத் தனித் தடத்தில் வைத்து, ஒரே தரத்தில் பதிய விரும்புவோருக்குத்தான் கேப்சர் கார்டு தேவைப்படுகிறது. அவர்கள் வாங்கும்போது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 4கே என்ற எழுத்தோடு நின்றுவிடாமல், விவரக் குறிப்பில் உள்ளீடு, கடத்தல், பதிவு ஆகிய மூன்றின் அளவையும் தனித்தனியே படிக்க வேண்டும். 4கே சிக்னலை வாங்கித் தொலைக்காட்சிக்குக் கடத்திவிட்டு, 1080 கோடுகளில் மட்டுமே பதியும் கருவிகள் சந்தையில் நிறைய இருக்கின்றன. கடத்தும் போர்ட் 120 ஹெர்ட்ஸையும் ஆட்டத்தின் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் புதுப்பிப்பை மாற்றிக்கொள்ளும் மாறும் புதுப்பிப்பு வீதத்தையும் ஏற்கிறதா என்பதையும் அதே பக்கத்தில் பார்க்கலாம். ஏற்காத கருவியை நடுவில் வைத்தால், கன்சோல் அந்தக் கருவியின் திறனுக்கு ஏற்பத் தன் வெளியீட்டைக் குறைத்துக்கொள்ளும், நல்ல தொலைக்காட்சி இருந்தும் அதன் முழுத் திறன் ஆட்டத்தில் கிடைக்காது.