விழுக்காட்டை ஏற்றித் தருகிறேன் என்றவரிடம் போன 1,200 வெள்ளி

இடது கையால் தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலைதான் உறுதியானது. 1,200 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) போச்சு.

வேலையிடத்தில் கிரைண்டர் வெட்டி என் வலது ஆள்காட்டி விரலின் தசைநாண் அறுந்தது. அறுவை சிகிச்சை, பிசியோ எல்லாம் முடிந்தும் விரல் பாதிக்கு மேல் மடங்கவில்லை. இழப்பீட்டுக் கணக்குக்கு, நிரந்தர இயலாமை 4 விழுக்காடு என்று கடிதம் வந்தது. சுத்தியலைப் பிடிக்க முடியாத கைக்கு வெறும் 4-ஆ என்று கொதித்துக்கொண்டிருந்தபோதுதான், சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் 'இழப்பீட்டு ஆலோசனை' தரும் ஆளைப் பற்றி விடுதியில் ஒருவர் சொன்னார்.

போனேன். கோணமானியை எடுத்து ஒவ்வொரு மூட்டிலும் வைத்து, எத்தனை டிகிரி மடங்குகிறது என்று குறித்தார். இரண்டு முனைக் கருவியால் விரல் நுனியைத் தொட்டு, கண்ணை மூடச் சொல்லி, "ஒண்ணா, ரெண்டா?" என்றார். மருத்துவமனையில் செய்ததேதான். அங்கே பத்து நிமிடம், இங்கே அரை மணி நேரம். ராத்திரியில் வலிக்குதா என்று கேட்ட முதல் ஆளும் அவர்தான். அங்கேதான் விழுந்தேன்.

"தம்பி, நம்ம டாக்டர் எழுதினா 15 வரும். ஆட்சேபக் கடிதத்தையும் நானே போட்டுடறேன், நீ எதுவும் பண்ண வேணாம்."

1,200 வெள்ளி, ரொக்கமாக. அவ்வளவு அக்கறையாகப் பேசியவரிடம் ரசீது கேட்கக் கூச்சமாக இருந்தது.

அப்புறம் தொடங்கியது. டாக்டர் ஊருக்குப் போயிருக்கார். கடிதம் போயாச்சு, பதில் வரணும். "அடிக்கடி போன் பண்ணாதே தம்பி, கேஸ் கெட்டுடும்." கடைசியில் முத்திரை குத்திய ஒரு தாளைக் கொடுத்தார். அதிலிருந்த மருத்துவரின் பதிவு எண்ணை சிங்கப்பூர் மருத்துவ மன்றப் பட்டியலில் தேடினால், அப்படி ஒருவரே இல்லை. காப்புறுதி நிறுவனத்தில் கேட்டேன். ஆட்சேபம் எதுவும் வரவில்லையாம். கெடு முடிந்துவிட்டது, 4 விழுக்காடுதான் முடிவு.

எனக்குத் தாங்காதது இதுதான்: நான் ஆட்சேபித்திருந்தால் மருத்துவக் குழு விரலை மறுபடி பார்த்திருக்கலாம். அந்த வாய்ப்பையும் சேர்த்துத்தான் 1,200 வெள்ளிக்கு விற்றிருக்கிறேன். வலியை யாரும் கூட்டி எழுத முடியாது என்பதும் இப்போதுதான் புரிகிறது. எவ்வளவு மடங்குகிறது, உணர்ச்சி எவ்வளவு போனது என்று அளந்து, வழிகாட்டி நூல்படி விழுக்காடு போடுகிறார்கள். அதை வயதுக்குரிய எண்ணோடும் சராசரி மாதச் சம்பளத்தோடும் பெருக்கித்தான் தொகை. இதில் இடைத்தரகருக்கு என்ன வேலை?

நிறைய எழுத நினைத்தேன், கை வலிக்கிறது. வேலையிடக் காய இழப்பீடு கோர வக்கீலோ ஏஜென்டோ தேவையில்லை. விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். கடிதத்தில் உள்ள கெடுவை நீங்களே படியுங்கள், ஆட்சேபத்தை நீங்களே போடுங்கள். புரியாவிட்டால் மனிதவள அமைச்சிடம் நேராகக் கேளுங்கள். ரொக்கம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் மதியத்திலிருந்து ஒற்றை டிக்கில் நிற்கின்றன.