ராமநாதபுரத்தில் ஜாவா பிழை பார்க்கும் அக்கா: இரண்டு ஞாயிறு போய்வந்த கதை

ராமநாதபுரம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை, அதற்கு மேல் மாடி. போர்டு கிடையாது. சென்னையில் பல வருஷம் ஐடி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு அக்கா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்கார்ந்து ஜாவா என்கிற ப்ரோக்ராமிங் மொழியில் நாம் எழுதிய கோடில் வரும் பிழைகளைப் பார்க்கிறார். மணிக்கு 400 ரூபாய். பெயர், நம்பர் போடாதே என்று சொல்லிவிட்டார். ஜெராக்ஸ் கடையில் கேட்டால் மேலே கையைக் காட்டுவார்கள்.

நான் போய் நின்ற காரணம் கொஞ்சம் வெட்கக்கேடு. பாம்பனில் மாமாவுக்கு மீன் வியாபாரம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, அதற்குள் உங்கள் நோட்டுக் கணக்கை ஸ்பிரிங் பூட்டில் (ஜாவாவில் வெப் ஆப் எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்) வெப் ஆப்பாக எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். கோடில் சரக்கு என்று ஒரு கிளாஸ் (பொருளின் வகை), அதற்குக் கீழே இறால், நண்டு, கருவாடு. பில் போடும் மெத்தட் (ஒரு வேலையைச் செய்யும் கோடு) லிஸ்ட்<சரக்கு>, அதாவது சரக்குகளின் பட்டியல், கேட்கும், நான் லிஸ்ட்<இறால்> கொடுப்பேன், இந்த டைப்பை அந்த டைப்பாக மாற்ற முடியாது என்று, கோடை ஓடுவதற்கு முன் சரிபார்க்கும் கம்பைலர் சிவப்பில் கத்தும். இறாலும் சரக்குதானே, இதற்கு என்ன பிடிவாதம் என்று எரிச்சலாகி, கண்ணில் பட்ட ஆங்கிள் பிராக்கெட்டை எல்லாம் அழித்து வெறும் லிஸ்ட் என்று வைத்தேன். சிவப்புப் பிழை போய் மஞ்சள் எச்சரிக்கை வந்தது. மஞ்சளை யார் பார்க்கிறார்கள்? அதற்கு முன் வேறு ஊரில் 12,000 ரூபாய் கட்டிப் படித்த சென்டரிலும், மஞ்சள் வந்தால் மேலே எச்சரிக்கையை மறைக்கும் சப்ரெஸ் வார்னிங்ஸ் போட்டுவிடு என்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

தடை முடிந்து மூன்றாம் நாள் விடிகாலை, வியாபாரிகள் சுற்றி நிற்க இறால் பில்லை அமுக்கினால் திரையில் 500 என்ற சர்வர் பிழை. உள்ளே கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷன், அதாவது ஒரு வகையை இன்னொரு வகையாக எடுக்கப் போய் வந்த பிழை. எங்கேயோ ஒரு கருவாடு இறால் லிஸ்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மாமா ஒன்றும் சொல்லாமல் பழைய நோட்டை எடுத்து விரித்தார்.

சரி, அக்காவுக்கு வருவோம். கீபோர்டைத் தொடவே மாட்டார். அழித்த பிராக்கெட்டை எல்லாம் முதலில் திரும்பப் போடச் சொன்னார், போட்டதும் 38 பிழை. "பயப்படாத தம்பி, மேல இருக்கிற முதல் பிழைய மட்டும் சத்தமா வாசி" என்றார். வாசித்தேன்.

"உங்க மாமா இறால் பெட்டிய ஒருத்தன்ட்ட குடுக்கிறாரு. இறால் பெட்டின்னு சொல்லாம, சும்மா சரக்குப் பெட்டின்னு சொல்லிக் குடுத்தா அவன் என்ன செய்வான்?"

"கருவாடும் சரக்குதானேன்னு அதுலயே போடுவான்."

"எட்டிப் பாக்க மட்டும்தான், எதுவும் போடக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்தா?"

"தாராளமா குடுக்கலாம்க்கா."

அதுதான் லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் சரக்கு>. எடுத்துப் பார்க்கலாம், எடை போடலாம், விலை கூட்டலாம், புதிதாக ஒன்றைப் போட முடியாது. இறாலைக் கொட்ட ஒரு பெட்டி வேண்டும் என்றால் அது லிஸ்ட்<? சூப்பர் இறால்>, இறால் பெட்டியும் ஆகும், சரக்குப் பெட்டியும் ஆகும். என் பில் மெத்தட் எதையும் போடுவதில்லை, கூட்டத்தான் செய்கிறது. அந்த ஒரு வரியை மாற்றினேன், 38 பிழை 5 ஆனது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அதோடு விடாமல் அர்ரேயிலும் (லிஸ்ட் மாதிரியே பொருள்களை வரிசையாக வைக்கும் இன்னொரு முறை) இதையே செய்து பார்க்கச் சொன்னார். இறால் அர்ரேயைச் சரக்கு அர்ரே என்று கொடுத்தால் கம்பைலர் வாயே திறக்காது, ஓடும்போது கருவாட்டை உள்ளே வைக்கப் போனால்தான் அர்ரே ஸ்டோர் எக்செப்ஷன். லிஸ்டில் அந்தக் காவலும் இல்லை. 2004-ல் ஜாவா 5-ல் ஜெனரிக்ஸை, அதாவது இந்த ஆங்கிள் பிராக்கெட் வசதியை, கொண்டுவந்தபோது பழைய கோடும் கூடவே ஓட வேண்டும் என்று, கம்பைல் ஆனதும் பெட்டி மேலிருக்கும் எழுத்தை, அதாவது பிராக்கெட்டுக்குள் இருக்கும் வகையை, அழித்துவிடுகிற மாதிரி வைத்துவிட்டார்கள். அதனால்தான் கருவாட்டைப் போட்ட இடத்தில் எனக்குப் பிழை வரவில்லை, எடுத்த இடத்தில் வந்தது. ஒரு வாரமாகத் தப்பான ஃபைலைத் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மீதி ஐந்தும் சில்லறைதான். ஜேபிஏ ரெப்பாசிட்டரியில் (டேட்டாபேஸோடு பேசும் பகுதி) ஐடிக்குச் சின்ன எழுத்து லாங் (long) போட்டிருந்தேன், அங்கே அந்த மாதிரி ப்ரிமிட்டிவ் (கிளாஸ் அல்லாத அடிப்படை வகை) ஆகாது, பெரிய எழுத்து லாங் (Long) தான் வேண்டும். லிஸ்ட்<இறால்> வாங்குவது ஒன்று, லிஸ்ட்<நண்டு> வாங்குவது ஒன்று என ஒரே பெயரில் இரண்டு மெத்தட் வைத்திருந்ததும் அடிபட்டது, எழுத்து அழிந்தால் இரண்டும் ஒன்றுதானே. பெயரை மாற்றினேன், போய்விட்டது.

குறையும் உண்டு. 10 மணி என்பார், 10:40-க்குத்தான் வண்டிச் சத்தம் கேட்கும். தகரக் கூரை, மதியத்துக்குமேல் மண்டை காயும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் கிடையாது. நாளைக்கு டெலிவரி, இன்றைக்கே முடித்துக் கொடுங்கள் என்று போகிறவர்களுக்கு இது சரிப்படாது, உங்களை வைத்துத்தான் எழுத வைப்பார். ஜாவாவைத் தாண்டிப் போனாலும் கஷ்டம்: கீழக்கரையிலிருந்து ஒரு பையன் டைப்ஸ்கிரிப்ட் என்ற வேறு மொழியில் சந்தேகத்தோடு வந்தான், "அது எனக்கு அவ்வளவா ஓடாதுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். காசு வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு மொத்தம் மூன்று மணி நேரம், 1,200 ரூபாய். போகிறவர்கள் லேப்டாப்பை முழுசாக சார்ஜ் போட்டு, பிராக்கெட் எதையும் அழிக்காமல், பிழை வந்தது வந்தபடியே கொண்டு போங்கள். பக்கத்தில் டீக்கடை இல்லை, பஸ் ஸ்டாண்டிலேயே குடித்துவிட்டுப் போவது நல்லது.