கூகுள் ஃபார்ம்ஸ்: குழுவின் கோரிக்கைகளுக்கு எவ்வளவு தூரம் தாங்கும்?

புது மடிக்கணினி, பயிற்சி, வேலை நேர மாற்றம் என்று குழுவினர் கேட்பதெல்லாம் பாதி வாட்ஸ்அப்பிலும் பாதி வாய்ப்பேச்சிலும் சிதறிக் கிடக்கும்போது, மேலாளர்கள் பலர் முதலில் எடுப்பது, இணையத்தில் படிவம் உருவாக்கும் கருவியான கூகுள் ஃபார்ம்ஸைத்தான். செலவில்லை, சீக்கிரம் தயாராகிவிடும். கோரிக்கையை வாங்கி வைப்பதில் கெட்டிக்காரக் கருவி. பதில் சொல்லும் வேலையை மட்டும் அப்படியே மேலாளர் தலையில் விட்டுவிடும்.

நான்கு கேள்விகள் போதும்: என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள், கிடைக்காவிட்டால் எந்த வேலை நிற்கும், வேறு யாரைப் பாதிக்கும். ‘அவசரமா?’ என்று கேட்காதீர்கள், எல்லாமே அவசரம் என்றுதான் வரும். கோரிக்கையின் வகையை டிராப்டவுனாக (ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் விரிபட்டியல்) வைத்தால், தேர்வுக்கு ஏற்ப நிரப்புபவரைப் படிவத்தின் வேறு வேறு பகுதிக்கு அனுப்பலாம். மடிக்கணினி கேட்பவர் பயிற்சி பற்றிய கேள்விகளைப் பார்க்கவே வேண்டியதில்லை. பலவற்றை ஒரே நேரத்தில் தேர்ந்தெடுக்கும் செக்பாக்ஸ் கேள்வியில் இந்தக் கிளை பிரியும் வசதி கிடையாது.

செட்டிங்ஸில் பலர் தொடாமல் விடுவது, நிரப்பியவருக்கு நகல் அனுப்பும் வசதி. மின்னஞ்சல் முகவரி சேகரிப்பை இயக்கி, நகலை ‘ஆல்வேஸ்’ என்று வையுங்கள். ‘அனுப்பினேனே, வந்ததா?’ என்ற விசாரிப்பு அதோடு நிற்கும். புதுக் கோரிக்கை வந்ததும் மேலாளருக்குத் தகவல் வர, ரெஸ்பான்சஸ் பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் மின்னஞ்சல் அறிவிப்பைத் தனியே இயக்க வேண்டும்.

பெயர் சொல்லாமல் கேட்க வழி வேண்டும் என்றால் முகவரி சேகரிப்பை அணைக்கலாம். ஆனால் பதில்கள் சேரும் கூகுள் ஷீட்ஸ் தாளில் நேரமுத்திரை, அதாவது பதில் வந்த நேரம், எப்படியும் பதியும். ஐந்து பேர் குழுவில் மாலை 6.40க்கு வந்த கோரிக்கை யாருடையது என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. சிறிய குழுவுக்கு ‘பெயர் வெளியே வராது’ என்று வாக்குக் கொடுக்காமல் இருப்பதே நேர்மை.

சிக்கல் தொடங்குவது கூகுள் ஷீட்ஸில்தான். பதில்கள் வந்து விழும் தாளின் வலப்பக்கம் நிலை, முடிவு, காரணம், பதில் தேதி என்று நான்கு பத்திகள் சேர்ப்பது வழக்கம். பதில் தேதிக்குச் சூத்திரம் எழுதிக் கீழே இழுத்து வைத்தால், அடுத்த கோரிக்கை புது வரிசையைச் செருகிக்கொண்டு வரும். அந்த வரிசையில் சூத்திரம் இருக்காது. பத்தி முழுவதற்கும் ஒரே சூத்திரமாக, அரேஃபார்முலாவில் எழுதினால் தப்பிக்கலாம். இன்னொரு பொறி: கோரிக்கைகளைக் குவெரி (தரவைத் தேடி எடுத்துத் தரும் சூத்திரம்) மூலம் வேறு தாளுக்கு இழுத்து, அதன் பக்கத்தில் முடிவைக் கையால் தட்டுவது. அடுக்கும் முறை மாறினால் கோரிக்கைகள் நகரும், தட்டிய முடிவு நகராது. ஒருவருக்குச் சொன்ன ‘சரி’ இன்னொருவர் பெயருக்கு எதிரே நிற்கும்.

நிலை பத்தியை மாற்றினால் கேட்டவருக்குத் தானாக எதுவும் போகாது. கூகுளின் நிரல் எழுதும் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் சிறு நிரல் எழுதி அனுப்பலாம்தான். தாளில் திருத்தம் நடந்ததும் நிரலைத் தானாக ஓட்டும் சாதாரண ஆன்எடிட் டிரிக்கருக்கு மின்னஞ்சல் அனுப்ப அனுமதியில்லை, நாமே அனுமதி கொடுத்து அமைக்கும் இன்ஸ்டாலபிள் டிரிக்கர் வைக்க வேண்டும். நிரல் தெரிந்தவர் இல்லையென்றால் வாரம் ஒரு நாள், இருபது நிமிடம், தாளைத் திறந்து உட்காருவதே வழி. ஒவ்வொரு வரிசைக்கும் மூன்றில் ஒன்று: ‘சரி’; ‘முடியாது, காரணம் இது’; ‘பிறகு, இந்தத் தேதியில்’. தேதியில்லாத ‘பிறகு’ எழுதினால் அடுத்த மாதம் யாரும் படிவம் பக்கம் வரமாட்டார்கள். காரணமில்லாத ‘முடியாது’ அதைவிட வேகமாக ஆளைத் துரத்தும்.

வழியில் நிறுத்தி வாயால் கேட்பவர்கள் இருப்பார்கள். ‘படிவத்தில் போடு’ என்று திருப்பி அனுப்பாமல், அவர் முன்னாலேயே மேலாளர் பதிந்துவிடலாம். யார் சார்பில் என்று ஒரு கேள்வி மட்டும் கூடுதலாகத் தேவைப்படும்.

பத்துப் பதினைந்து பேர் வரை இந்த ஏற்பாடு தாங்கும். அதற்கு மேலே, அல்லது ஒரே கோரிக்கைக்கு இரண்டு மூன்று பேர் ஒப்புதல் தர வேண்டும் என்றால், ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட் போன்ற, ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியாகப் பின்தொடரும் டிக்கெட் கருவிக்குப் போய்விடுவது நல்லது.

சம்பளம், உடல்நலம், சக ஊழியர் மீதான புகார் ஆகியவற்றை இந்தப் படிவத்தில் வாங்கவே கூடாது. தாளைத் திறக்க உரிமையுள்ள எல்லோரும் எல்லா வரிசைகளையும் படிக்க முடியும். வரிசையை மறைத்து வைப்பது பூட்டு ஆகாது. அதற்கு வகைப் பட்டியலில் ‘நேரில் பேச வேண்டும்’ என்று ஒரு தேர்வு வைத்து, விவரமே கேட்காமல் படிவத்தை அங்கேயே முடித்துவிடுங்கள்.