ரேமா, ஸ்லாட்டா? மூன்று சோதனை வழிகளின் ஒப்பீடு

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்கு நடந்து போகும் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் அடுக்களை ஜாடியில் உள்ள உப்பே நீர்விட்டுக்கொள்ளும் இடத்தில், மேசைக் கணினி மட்டும் எப்படித் தப்பும்? கடந்த மழைக்காலத்தில் என் கணினி நீலத்திரை காட்டி நிற்கத் தொடங்கியது. ஒரு நாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்றும் மறுநாள் ‘பேஜ் ஃபால்ட்’ என்றும் காரணம் மாறிக்கொண்டே இருந்ததால், கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் மீது சந்தேகம் விழுந்தது. பழுது பார்க்கும் கடையொன்றில் ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்து மாட்டித் தந்தார்கள். பதினொரு நாள் ஓடிய கணினி மீண்டும் நின்றபோது, புதிய ரேம் வாங்கச் சொன்னார்கள். வாங்குவதற்கு முன், வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலாவது, விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக். தேடல் பெட்டியில் ‘mdsched’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் வந்துவிடும். எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. இயல்பாக அது நடுத்தர அளவிலான சோதனையை இரண்டு சுற்று மட்டுமே நடத்துகிறது. எஃப்1 பொத்தானை அழுத்தி விரிவான சோதனைக்கு மாற்றலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. முடிவு திரையில் சட்டென்று மறைந்துவிட்டாலும், விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் பதிவாகியிருக்கும். இது பிழை இருக்கிறது என்றால் நம்பலாம். பிழை இல்லை என்றால் நம்புவதற்கில்லை. என் கணினிக்கும் இது நற்சான்றிதழே கொடுத்தது.

இரண்டாவது, பென் டிரைவிலிருந்து இயங்கும் மெம்டெஸ்ட். இதில் இரண்டு கிளைகள் உண்டு, இரண்டுக்கும் 1994இல் எழுதப்பட்ட ஒரே நிரலே மூலம். பாஸ்மார்க் நிறுவனத்தின் மெம்டெஸ்ட்86 இலவசப் பதிப்பு நான்கு சுற்றுகளோடு நின்றுவிடும். அங்கீகரித்த மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் பாதுகாப்பை அணைக்காமலே ஓடும் என்பது அதன் வசதி. மெம்டெஸ்ட்86 பிளஸ் திறமூல நிரல், சுற்றுக்கு வரம்பில்லை, 2022இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து யூஇஎஃப்ஐ எனும் தொடக்க மென்பொருள் கொண்ட புதிய கணினிகளிலும் இயங்குகிறது, ஆனால் பல கணினிகளில் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியிருக்கும். விட்டுவிட்டு வரும் பழுதுக்கு இரவு முழுவதும் ஓடும் சோதனையே தேவை என்பதால் நான் பிளஸ்ஸையே தேர்ந்தெடுத்தேன். மூன்றாம் சுற்றில் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள் வந்தன. கணினியின் தொடக்க அமைப்புத் திரையான பயாஸில், ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்து வேகத்தைக் குறைத்த பிறகும் வந்தன. ஆகவே, அட்டையில் அச்சிட்ட வேகத்தைத் தாங்க முடியாமல் ரேம் திணறுகிறது என்ற விளக்கம் பொருந்தவில்லை.

எனினும், மென்பொருள் சொல்வது பிழை நேர்ந்த முகவரியை மட்டுமே. குற்றவாளி ரேமா, அதை மாட்டும் ஸ்லாட்டா, ப்ராசஸருக்குள் இருந்து ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலரா என்று அது சொல்லாது. அதற்கு மூன்றாவது வழி: ஒரே ஒரு ரேமை ஒரே ஸ்லாட்டில் மாட்டிச் சோதித்து, பிறகு இடம் மாற்றிச் சோதிப்பது. பிழை ரேமோடு சேர்ந்து இடம் பெயர்ந்தால் ரேம் கெட்டது. ஸ்லாட்டிலேயே தங்கினால் மதர்போர்டு அல்லது ப்ராசஸர் பக்கம் பார்க்க வேண்டும். செலவில்லாத, தெளிவான வழி இது. ஆனால் நம் கடலோரத்தில் ஒரு பொறி இருக்கிறது. தங்க முலாம் பூசிய முனைகளில் உப்பும் ஈரமும் தூசியும் சேர்ந்து படிந்திருக்கும்போது, ரேமைக் கழற்றி மாட்டுவதே அந்தப் படிவை உரசி நீக்கிவிடுகிறது. பழுது சில நாள் மறைந்து, இடம் மாற்றியதால்தான் சரியாயிற்று என்று தவறாக நினைக்க வைக்கிறது. என் பதினொரு நாளின் ரகசியமும் அதுவாகத்தான் இருக்கும். ரப்பரோ மெல்லிய முலாமையே தேய்த்துவிடும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த நூல் உதிராத துணி போதும்.

ஆகவே வரிசை முக்கியம் என்பது என் கருத்து: எதையும் தொடுவதற்கு முன் ஓர் இரவு மெம்டெஸ்ட், பிறகு துடைத்து மாட்டி மறு இரவு, அதற்குப் பிறகே இடமாற்றம். நீலத்திரையே வராமல் கணினி சட்டென்று அணைந்து எழுந்து, ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ மட்டும் பதிவாகியிருந்தால் இந்த மூன்றும் வேண்டாம். முதலில் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். அதன் 12 வோல்ட் இணைப்பு, சுமை ஏறும்போதும் 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது.

என் கணினியில், துடைத்த பிறகும் இரண்டாம் ஸ்லாட்டில் மட்டும் எந்த ரேமை மாட்டினாலும் சிவப்பு வரிகள் வந்தன. வாங்கச் சொன்ன புதிய ரேமை வாங்கவில்லை. ஒரே ரேமை நல்ல ஸ்லாட்டில் மாட்டி, இரண்டு ரேம்கள் சேர்ந்து தரும் இரட்டைச் சேனல் வேகத்தை இழந்து, இந்தக் கட்டுரையை அதே கணினியில்தான் தட்டச்சு செய்கிறேன்.